எழுத்தரின் மகளுக்கு

அன்பின் ஒக்சுன் அக்காவுக்கு,

நீர் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் உம்மை அக்கா என்று நான் அழைத்ததில்லை. பதினொரு மாத மூப்புக்கு அந்த மரியாதை அதிகம் என்று நான் வாதாடினேன். ஒருநாள் மூப்பென்றாலும் மூப்புத்தான், கொரியாவில் அதுதான் சட்டம் என்று நீர் வாதாடினீர். இப்போது எழுதிவிட்டேன். ‘நீங்கள்’ மட்டும் என் பேனாவுக்கு வரமாட்டேன் என்கிறது. நீர் என்றே இருக்கட்டும்.

இந்தக் கடிதம் நமது மாத சஞ்சிகையில் அச்சாகும். உம்முடைய கதையைப் பதினான்கு மாதம் தொடராக வாசித்த அதே ஆட்கள் இதையும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். பிழையான கடைசி அத்தியாயத்தை அவர்களுக்குக் கொடுத்தவள் நான். உம்மிடம் சொல்லவேண்டிய திருத்தத்தை அவர்களுக்கு மறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

நாம் சந்தித்தது குடியேறிகளுக்கான பிரெஞ்சு வகுப்பில். இருபத்தைந்து வயது ஆசிரியை நம் இருவரையும் முன்வாங்கில் இருத்தி, ‘நான் ஓர் ஆப்பிள் சாப்பிடுகிறேன்’ என்று சொல்லவைத்தாள். பேராதனையில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, இருபத்தெட்டு வருடம் யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவள் நான். ஆப்பிளைப் பாதியில் வைத்துவிட்டு வகுப்பை விட்டேன். நீர் விடவில்லை. மொன்றியலின் வில்லரேயில் மூலைக்கடை நடத்தியவருக்கு அந்த மொழி தேவைப்பட்டது. இங்கத்தைய ஆட்கள் டெப்பனர் என்று சொல்கிற, பாலும் பியரும் லொத்தர் சீட்டும் விற்கிற கடை.

செவ்வாய்க்கிழமைகளில் பின்நேரம் இரண்டு மணிக்கு உம்முடைய கடைக்கு ஆள் வராது. பின்னறையில் பியர்ப் பெட்டிகளின் மேல் நாம் இருப்போம். பேசியது உம்முடைய கடை ஆங்கிலமும் என்னுடைய பாடப்புத்தக ஆங்கிலமும். ஆனால் எத்தனையோ வருடப் பழக்கத்தில் உம்முடைய பேச்சு எனக்கு எங்கள் ஊர்த் தமிழாகவே காதில் விழத் தொடங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன். கொரியாவில் இப்படித்தான் கதைப்பார்களா என்று யாரும் என்னை விசாரிக்கவேண்டாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை உம்முடைய சிறுவயதுக் கதை ஒன்றைப் பாதியில் நிறுத்தி நான் கேட்டேன்.

“இவ்வளவு ஞாபகம் இருக்கிற மனிசி, நீரே எழுதினால் என்ன?”

“என்னத்தில எழுதுறது? பள்ளிக்கூடத்தில படிப்பிச்சது முழுக்க யப்பான் பாஷை. வாய் தவறிக் கொரியன் கதைச்சால் கழுத்தில ஒரு பலகையைக் கட்டித் தொங்கவிடுவினம். இண்டைக்கும் ஒரு கடுதாசி எழுத வெளிக்கிட்டால் கைக்கு முதல் வாறது அவையின்ர எழுத்துத்தான்.”

“அப்ப அதிலயே எழுதும்.”

“செத்தாலும் எழுதமாட்டன். நீர் எழுதும். உம்மட பாஷையோட எனக்கு ஒரு கோவமுமில்லை.”

அப்படித்தான் உம்முடைய கதை தமிழுக்கு வந்தது. நீர் சொல்ல, நான் கொப்பியில் நேரே தமிழில் எழுதினேன். உலகத்தில் வேறெந்த மொழியிலும் அது எழுதப்படவில்லை. இதன் பொறுப்பு எவ்வளவு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்குத் தொடர்கதை கிடைத்தது; அதுவே போதுமாயிருந்தது.

தொடரை வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன், பொறும். யப்பானியர் கொரியாவைப் பிடித்து முப்பது வருடமானபின், கொரியர் எல்லாரும் யப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஆணை வருகிறது. வைக்காத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமில்லை, பங்கீட்டு அரிசியில்லை. தெற்கே நெல் விளையும் ஒரு சிற்றூரின் அரசாங்கக் கந்தோரில் வேலைசெய்யும் எழுத்தர், பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். எழுத்தறியாதவர்களுக்குத் தாமே பெயர் தெரிவுசெய்து கொடுக்கிறார். பைன் மரம் நிற்கிற வீட்டுக்குப் பைன் மரம் என்று பொருள்படும் பெயர். கிணற்றடி வீட்டுக்குக் கிணறு என்று பொருள்படும் பெயர். ஊரே ஆறு மாதத்தில் வேறு ஆட்களாகிவிடுகிறது.

ஒரு கைம்பெண் மட்டும் மறுக்கிறாள். “என் மகனுக்குப் பெயர் வைத்தவர் மண்ணுக்குள் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டு வா” என்று எழுத்தரைத் திருப்பி அனுப்புகிறாள். யப்பானில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கும் உத்தரவு வந்தபோது, பெயர் மாற்றாத வீட்டு ஆணைத்தான் முதலில் எடுத்தார்கள். பட்டியலில் யப்பானியப் பெயர் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பதால் எழுத்தர் தாமே ஒன்றை எழுதி அந்த இடத்தை நிரப்பினார். மகன் எந்தப் பெயரில் போயிருக்கிறான் என்று தாய்க்குத் தெரியாது. எழுத்தரிடம் கேட்க அவள் போகவுமில்லை.

இவ்வளவையும் எழுத்தரின் பக்கத்து வீட்டுப் பெண் மண்மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘அந்தப் பெண் நான்தான்’ என்று நீர் சொன்னீர். வேலையால் வந்த எழுத்தர் சப்பாத்தைக் கழற்றாமல் எவ்வளவு நேரம் வாசலில் இருந்தார், கோப்பையில் எத்தனை வாய்ச் சோற்றை மிச்சம் விட்டார் என்பதெல்லாம் மதிலுக்கு மேலால் தெரியுமா? சாட்சி எங்கே நின்று பார்த்தது என்று முதலில் கேளுங்கள் என்று இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். உம்மிடம் கேட்கவில்லை.

இனி என் குற்றங்கள். சின்னதை முதலில் சொல்கிறேன்; அப்போது அது சின்னதாகத்தான் தெரிந்தது.

முதல் அத்தியாயத்தை வாசித்த சஞ்சிகை ஆசிரியர் தம்பி தொலைபேசியில் எடுத்தார். “ரீச்சர், கதை திறம். ஆனால் இந்தப் பேருகள் ஒண்டும் சனத்துக்கு வாயில வராது. எங்கட ஆக்களுக்குப் பழகின மாதிரி, சின்னதா வையுங்கோவன்.” எங்கள் இலக்கியத்தில் இதற்குத் தழுவல் என்று மரியாதையான பெயர் உண்டு. நான் யோசிக்கவே இல்லை. கைம்பெண் மீனா ஆனாள். சுரங்கத்துக்குப் போன மகன் ரவி ஆனான். கொரியாவில் ஒரு ரவி. அவன் வீட்டு முற்றத்தில் ஒரு பூவரசு.

உம்மிடம் நான் மறைக்கவில்லை. அடுத்த செவ்வாய் வந்து, வாசகர் வசதிக்காகப் பெயர்களை மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். நீர் கல்லாப்பெட்டிச் சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தீர்.

“எனக்கு என்ன பேர் வச்சனீர்?”

“ராணி.”

“பள்ளிக்கூடத்தில வச்சதை விட நல்லாயிருக்கு.”

நான் சிரித்தேன். நீரும் சிரித்தீர் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய குற்றம் கடைசி அத்தியாயம். நீர் சொன்ன முடிவு இது. யப்பான் தோற்ற செய்தி வந்ததும், கந்தோரை எரித்துவிடுவார்கள் என்று எழுத்தர் பதிவேட்டை வீட்டுக்குத் தூக்கிவந்து, முற்றத்தில் பாய் விரித்து அதன்மேல் இருந்தார். சனம் வந்தது. அடிக்கத்தான் வந்தது. ஆனால் அந்த ஊரில் பதிவேட்டை வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. பழைய பெயரைத் திருப்பி எழுத வேறு ஆளில்லை. முன்னுக்கு நின்றவர் அவர் முகத்தில் துப்பினார். துப்பிவிட்டுத் தன் பெயரைச் சொன்னார். எழுத்தர் முகத்தைத் துடைக்காமல் எழுதினார். அடுத்தவர் சொன்னார். ஒரு மாதம் அந்த முற்றத்தில் வரிசை நின்றது.

கைம்பெண்ணும் வந்தாள். மகனுடைய பெயரைச் சொன்னாள், எழுதி முடியும்வரை நின்றாள், போனாள். அடுத்த நாளும் வந்து அதே பெயரைச் சொன்னாள். நேற்றே எழுதியாயிற்று என்று எழுத்தர் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து மறுபடி எழுதினார். ஒவ்வொரு நாளும் அவள் வந்தாள், ஒவ்வொரு நாளும் அவர் எழுதினார். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட அவள் வாங்கிக் குடிக்கவில்லை.

“பிறகு?” என்றேன்.

“பிறகென்ன. அவ்வளவுதான்.”

“துரோகிக்குத் தண்டனை இல்லையோ?”

“எழுதினவர்தானே.”

“எழுதுறது ஒரு தண்டனையோ?”

“நீர் ஒரு மாசம் எழுதிப் பாரும்.”

அப்போது கடைக்கதவின் மணி கிணுங்கியது. லொத்தர் சீட்டு வாங்கவந்த ஒரு கிழவருக்கு ‘பொன் ஷான்ஸ்’, அதிர்ஷ்டம் வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு நீர் திரும்பி வந்தபோது நான் மேலங்கியைப் போட்டுக்கொண்டு நின்றேன். இதை முடிவென்று எந்த வாசகனும் ஒப்பமாட்டான் என்றேன். ஒரு ஊரையே விற்றவன் பாயில் இருந்து எழுதிவிட்டுச் சோறு தின்னப் போவானா என்று கேட்டேன். மூன்று செவ்வாய்க்கிழமை நான் வரவில்லை. நான்காவது கிழமை நீர் தொலைபேசியில் எடுத்து, “பேனா உம்மட கையில. விரும்பினமாதிரி எழுதும். ஆனால் வாரும், பேரிக்காய் வந்திருக்கு” என்றீர்.

விரும்பினமாதிரி எழுதினேன். ஊரார் எழுத்தரைப் பூவரச மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். வாசகர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஸ்கார்பரோவில் இருந்துகூட ஒருவர் தொலைபேசியில் எடுத்துப் பாராட்டினார்.

துரோகி என்ற சொல் எனக்கு எங்கே கிடைத்தது என்பதை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலத்தில், ஒருநாள் காலையில், நான் படிப்பித்த பாடசாலையின் அதிபரைச் சந்தியிலுள்ள மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் கட்டிய மட்டையில் அந்தச் சொல் எழுதியிருந்தது. என்ன செய்தார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு மணி அடித்தது. நான் பத்தாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சி படிப்பித்தேன். அந்தக் கம்பத்தைக் கண்ணால் பார்த்தவள் ஒரு கதையிலாவது இன்னொரு மனிதனைக் கட்டிவைக்க அஞ்சியிருக்க வேண்டாமா? அஞ்சவில்லை. பழகிப்போயிருந்தேன்.

அந்த அத்தியாயம் வந்த சஞ்சிகையை உம்மிடம் கொண்டுவந்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று வாயால் சொன்னேன். நீர் பேரிக்காய் சீவிக்கொண்டிருந்தீர்.

“கட்டிவச்சு அடிச்சவையோ?”

“ஓம்.”

“ஆரும் தண்ணி குடுத்தவையோ?”

“அது எழுதேல்லை.”

பழத்தை இரண்டாக வெட்டிப் பெரிய பாதியை எனக்குத் தந்தீர். நானும் வாங்கித் தின்றேன்.

அதற்கு அடுத்த வருடம் பனி உருகத் தொடங்கிய கிழமை நீர் போய்விட்டீர். ஆஸ்பத்திரியில் இரண்டே நாள். உம்முடைய இறுதிக் கிரியையைப் பற்றி எழுதமாட்டேன்; பாதிரியார் உம்மை மென்மையானவர் என்று சொன்னார், அது ஒன்றே போதும்.

உம்முடைய முதலாவது ஆட்டைத் திவசத்துக்கு உம்முடைய மகள் சூஜின் என்னை அழைத்தாள். சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் ஐம்பது வயதுக்காரியை அவள் என்று எழுதுகிறேன். அவள் எனக்கு எப்போதும் அப்படித்தான். மேசையில் உம்முடைய படம், மீன், அரிசிப் பலகாரம், உச்சி சீவிய பழங்கள். சோற்றில் கரண்டியை நட்டாள். பிறகு, நீர் ஆறுதலாகச் சாப்பிடுவதற்காக, நாங்கள் எல்லாரும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். எங்களுக்கும் அதே வழக்கம்தான். படைத்துவிட்டுக் கதவைச் சாத்துவோம். எங்கள் வீட்டில் வெளியே நிற்க விறாந்தை இருந்தது. இங்கே நான்காம் மாடி நடைவழி.

சலவைக் கூடையோடு வந்த அயல்வீட்டுப் பெண், கதவு பூட்டுப்பட்டுவிட்டதா என்று பிரெஞ்சில் கேட்டாள். “இல்லை, உள்ள அம்மா சாப்பிடுறா” என்றாள் சூஜின். அந்தப் பெண் கொஞ்சமும் தயங்காமல் ‘பொன் அப்பெத்தி’, நன்றாகச் சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். உமக்குக் கேட்டிருக்கும்.

அப்போதுதான் சூஜின் கைப்பையைத் திறந்து ஒரு பழைய படத்தை எடுத்தாள். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. பையில் ஒரு பேனா.

“அன்ரி, இதையும் மேசையில வைக்கலாமோ எண்டு தெரியேல்லை. அம்மா ஒருநாளும் வச்சதில்லை. அம்மாவின்ர அப்பா. ஊர்க் கந்தோரில எழுத்தராயிருந்தவர். சண்டை முடிய, வீட்டு முத்தத்தில இருந்து ஒரு மாசமாச் சனத்தின்ர பேரைத் திருப்பி எழுதினவராம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சம் எல்லாம் ரீச்சரிட்ட இருக்கு எண்டு அம்மா சொன்னவ. தமிழில.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன் என்று எழுதினால் அழகாயிருக்கும். பிடிக்கவில்லை. “உள்ள சோறு ஆறப்போகுது” என்றேன்.

நீர் மதிலுக்கு மேலால் பார்க்கவில்லை, ஒக்சுன். நீர் அந்த வீட்டுக்குள் இருந்தீர். அந்தச் சப்பாத்தை வாசலில் எடுத்து அடுக்கியவர் நீர். உம்முடைய தகப்பனை நான் உமக்கு முன்னால் கட்டிவைத்து அடித்தேன். நீர் எனக்குப் பழம் வெட்டித் தந்தீர். ஏன் தடுக்கவில்லை? ‘அவர் என்ர அப்பா’ என்று மூன்று சொல் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியோடு வருவதாகவும், நான் கொப்பியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னால் தன் பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சில் எழுதுவதாகவும் சூஜின் சொன்னாள். முதல் ஞாயிறு எனக்கு முழங்கால் நோவு. இரண்டாவது ஞாயிறு மகன் வீட்டில் விருந்தாளிகள். மூன்றாவது ஞாயிறு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, தொலைபேசியை எடுக்கவில்லை. எழுபது வயது தாண்டியவள் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை போல ஒளித்திருந்தேன்.

இரண்டு வழி இருந்தது. கொப்பியில் இருக்கிறதை அப்படியே வாசித்துவிடலாம். அவள் தன் பாட்டன் மரத்தில் கட்டுண்டு அடிபட்டார் என்று நம்பிக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிப்பாள். அல்லது நீர் சொன்ன முடிவை, நீர் சொன்னதாகவே, ஒன்றும் தெரியாதவள் போலச் சொல்லிவிடலாம். அச்சில் இருப்பதை வாசிக்க அவளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டாவது வழி மிகவும் வசதியானது. அதனால்தான் அதை நம்பவில்லை.

நான்காவது ஞாயிறு அவள் என் குசினி மேசையில் கணினியைத் திறந்தாள்.

“கடைசி அத்தியாயம் அம்மாவின்ர இல்லை. என்ர” என்றேன்.

“என்ன வித்தியாசம்?”

“நான் உன்ர அம்மப்பாவை மரத்தில கட்டி அடிப்பிச்சனான்.”

அவள் என்னைப் பார்த்தாள். “என்ன மரம்?”

“பூவரசு.”

“அப்பிடியொரு மரம் அங்க இல்லை.”

“தெரியும். அதுவும் நான் நட்டதுதான்.”

அவள் எழும்பிப்போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவினாள். கோபத்தைக் காட்ட உம்மிடம் கற்ற வழி, எனக்குப் பழக்கம்தான். எல்லாக் கோப்பையும் முடிந்தபின் கேட்டாள்.

“அம்மா ஒண்டும் சொல்லேல்லையோ?”

“ஆரும் தண்ணி குடுத்தவையோ எண்டு மட்டும் கேட்டவ.”

அவள் துணியில் கையைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அம்மாவுக்கும் அவரை ஒருக்கா அடிக்கவேணும்போல இருந்திருக்கும், அன்ரி. மகளால ஏலாது. நீங்கள் அடிச்சியள். அதுதான் பேசாம இருந்திருக்கிறா.”

இது சரியா? உம்மைப் பெற்றவருக்கு அடிவிழ வேண்டும் என்று நீர் விரும்பியதுண்டா? அடி விழுந்தபின்தான் தண்ணீரைப் பற்றி நினைத்தீரா? நான் பிழை செய்தேன் என்று அழவந்த இடத்தில் உம்முடைய மகள், உமக்குப் பதிலாக அடிக்கிற ஓர் உத்தியோகமே எனக்குத் தந்துவிட்டாள். அதை ஏற்பதா விடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

“இப்ப அம்மா சொன்னதைச் சொல்லுங்கோ” என்றாள்.

சொன்னேன். பாய், பதிவேடு, துப்பியவர், வரிசை. அவள் எழுதிக்கொண்டே வந்தாள். கைம்பெண் வந்து மகனுடைய பெயரைச் சொல்கிற இடத்தில் விரல் நின்றது.

“பேர் என்ன?”

“ரவி.”

“அன்ரி, கொரியப் பேர்.”

என்னிடம் இருக்கவில்லை. பதினான்கு கொப்பியையும் மேசையில் கொட்டிப் புரட்டினோம். எல்லா இடத்திலும் ரவி, ரவி, ரவி. முதல் கொப்பியையும் பெயர் மாற்றிப் புதிதாக எழுதிவிட்டுப் பழையதை எறிந்திருந்தேன். நீர் எத்தனை செவ்வாய்க்கிழமை அந்தப் பெயரைச் சொல்லியிருப்பீர். ஒரு தாய் நாள்தோறும் நடந்துவந்து, மறந்துபோகாமல் எழுதிவை என்று சொன்ன பெயர். யப்பானியரின் கந்தோர்கூடப் பழைய பெயரைப் பதிவேட்டில் விட்டுவைத்திருந்தது. நான் ஓரத்தில்கூடக் குறித்து வைக்கவில்லை. உம்முடைய தகப்பன் உத்தரவுக்குப் பயந்து செய்ததை நான் ஒரு தொலைபேசி அழைப்புக்கு இணங்கிச் செய்திருக்கிறேன். எனக்கு அரிசியை நிறுத்துவோம் என்று யாரும் வெருட்டவில்லை.

சூஜின் கடிகாரத்தைப் பார்த்தாள். “அங்க இப்ப திங்கட்கிழமை விடிஞ்சிட்டுது” என்று தொலைபேசி அட்டையைச் சுரண்டி, கொரியாவில் இருக்கும் உம்முடைய தங்கைக்கு எடுத்தாள். நீர் கலியாணம் செய்து சியோலுக்குப் போனபின்னும் தகப்பன் வீட்டிலேயே வளர்ந்த உம்முடைய கடைசித் தங்கைதான். பேச்சு இரண்டு பேருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தாள். அந்த அம்மா முதலில் எங்கள் காலநிலையை விசாரித்தார். பிறகு சூஜின் கேட்டாள். மறுமுனையில் ஒரு கணம்கூட யோசனை இல்லை.

“பார்க் டொக்சூ.”

எனக்குக் கொரியன் தெரியாது. ஆனால் கேட்டவுடன் தெரிந்தது. உம்முடைய குரலில், பியர்ப் பெட்டிகளுக்கு நடுவில், அதேதான்.

“மறக்கிறதோ?” என்றாராம் உம்முடைய தங்கை, சூஜின் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். “எனக்கு அப்ப ஏழு வயசு. அந்த மனிசி எங்கட படலையடியில நாள் தவறாமச் சொன்ன பேரெல்லே.”

“அவருக்கு என்ன நடந்தது?” என்று சூஜின் கேட்டாள்.

“வந்தவர். அடுத்த வருசம் இளவேனிலோட, இருமிக்கொண்டு வந்து சேர்ந்தவர்.”

நான் கதிரையை இழுத்துத் தொலைபேசிக்குக் கிட்டப் போனேன். உமக்கு இது தெரியுமா? அக்காவுக்குச் சொல்லவில்லையா என்று சூஜினும் கேட்டாள். அக்காவிடம் அந்த முற்றத்துக் கதையை எடுத்தால் தொலைபேசியை வைத்துவிடுவார் என்றாராம். ஆகவே தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இந்தக் கடிதம் எழுதியதன் முதல் காரணமே இதுதான். டொக்சூ திரும்பி வந்தார்.

உம்முடைய தகப்பனை மன்னித்தாரா என்றால், இல்லை. எழுத்தர் சாகும்வரை டொக்சூ அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே கண்டால் வாய்க்காலைக் கடந்து மறுபக்கத்தால் போவார். பிறகு டொக்சூவுக்குக் கலியாணம் நடந்தது. பிள்ளை பிறந்தது. பிறப்புப் பதிய ஊரில் இருந்தது அதே கந்தோர், அதே எழுத்தர். டொக்சூ உள்ளே வந்து, பிள்ளையின் பெயரைத் தானே எழுதிய ஒரு துண்டுத் தாளை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்பார். உம்முடைய தகப்பன் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கமாக வைப்பார். டொக்சூ எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு சொல் இல்லை. இப்படி ஆறு பிள்ளைகள், ஆறு துண்டுகள்.

சுரங்கத்தில் எழுதப் பழகியிருக்கிறார், தெரியுமா? தாய்க்கு எழுத்துத் தெரியாது. இனி ஒருவனை நம்பி நிற்கக்கூடாது என்று முடிவெடுத்திருப்பார். இது என் ஊகம்; அத்தியாயத்தில் சேர்க்கமாட்டேன்.

உமக்குச் சொல்ல வேறும் உண்டு. உம்முடைய கடையை இப்போது ஓர் அல்ஜீரியத் தம்பதி நடத்துகிறார்கள். நல்ல சனம், தேநீருக்குப் புதினா போடுகிறார்கள். எங்கள் ஊரில் மறுபடி சண்டை; யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள். அங்கேயும் ஒருநாள் யாரோ ஒருவர் பாயை விரித்து இருந்து, வருகிறவர்களின் பெயரைக் கேட்டு எழுதவேண்டியிருக்கும். முன்பென்றால் அப்படி இருப்பவனை முதலில் கட்டுங்கள் என்றிருப்பேன். இப்போது, முதலில் எழுதட்டும் என்பேன். இந்த வயதில் எனக்கு நேர்ந்த முன்னேற்றம் இவ்வளவுதான். அதற்கும் ஒரு கொரியக் கடைக்காரி தேவைப்பட்டார்.

சூஜின் அடுத்த திவசத்துக்கு அந்தப் படத்தை மேசையில் வைக்கப்போகிறாளாம். உம்முடைய படத்துக்கு நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் தள்ளி வை என்று மட்டும் சொன்னேன். நீங்கள் இருவரும் மெதுவாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கதவு எவ்வளவு நேரமும் சாத்தியிருக்கும்.

வாக்கு ஒன்று தருகிறேன். கதை முழுவதையும் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். வாயில் வராவிட்டால் வாசகர்கள் வாயைப் பழக்கட்டும்; எல்லாருக்கும் அவரவர் பெயர். மரத்தை வெட்டிவிட்டேன். கடைசி அத்தியாயம் நீர் சொன்னதுபோலவே முற்றத்தில் நிற்கும். அதன் பிறகு, உம்முடைய தங்கை சொன்னது என்று தெளிவாகக் குறித்து, ஆறு துண்டுகளும் வரும். டொக்சூவின் பிள்ளைகளில் நால்வருடைய பெயர் உம்முடைய தங்கைக்கு நினைவிருந்தது. மற்ற இரண்டையும் ஊரில் விசாரித்துச் சொல்வதாக இருக்கிறார். அந்த இரண்டு இடத்தையும் கையெழுத்துப் பிரதியில் வெறுமையாக விட்டிருக்கிறேன். எவ்வளவு காலம் எடுத்தாலும் எடுக்கட்டும். நானாக ஒன்றும் எழுதி நிரப்பமாட்டேன்.

உம்முடைய தங்கை,
பரமேஸ்வரி
வில்லரே, மொன்றியல்